அட்டையில் பீட்டில்ஸ், உள்ளே எங்கல்பர்ட்

கேள்வி இதுதான்: "1960களின் கடைசியில் வந்த ஆங்கில பாப் பாடல்கள் என்றாலே பீட்டில்ஸ், கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸ், வுட்ஸ்டாக் இசை விழா என்கிறார்கள். அப்போது ஜனங்கள் நிஜமாகவே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களா? இப்போது கேட்க ஆரம்பிப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?"

பதிலுக்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. 1979ஆம் வருடம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ரிக்கார்டு கடையில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' எல்.பி. கண்ணில் பட்டது. பேரம் பேசி, பஸ் காசு மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, 15 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெரம்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் ரேடியோகிராமில் போட்டுப் பார்த்தால், உள்ளே இருந்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். கண்ணீரும் கம்பலையுமாக 'ரிலீஸ் மீ' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வராத குறை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கோ ஒரே சந்தோஷம். மாவுக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்து முழுப் பக்கத்தையும் நின்று கேட்டார். மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "அதைவிட இது நல்ல பாட்டு தம்பி, உனக்குத்தான் லாபம்" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கடைக்காரர் சொன்னதை 1967இல் இங்கிலாந்தும் சொல்லியிருக்கிறது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில் பீட்டில்ஸ் ஒரு சிங்கிள் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் 'பென்னி லேன்', இன்னொரு பக்கம் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. பாப் இசையின் சரித்திரத்திலேயே இதைவிடக் கனமான ஒற்றைத் தட்டு உண்டா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். 1963க்குப் பிறகு இங்கிலாந்தில் அவர்கள் வெளியிட்ட சிங்கிள் எல்லாம் விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இது மட்டும் இரண்டாவது இடத்தோடு நின்றுவிட்டது. வழியை மறித்துக்கொண்டு 6 வாரம் நம்பர் ஒன்னாக நின்ற பாட்டு 'ரிலீஸ் மீ'. "என்னை விட்டுவிடு, நான் வேறொருத்தியைக் காதலிக்கிறேன்" என்று மனைவியிடம் விடுதலை கேட்கும் பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு அது. 1954இலேயே ரே பிரைஸ் பாடி அங்கே ஹிட் ஆனது.

நமக்கு ஒரு சின்னப் பெருமையும் இதில் உண்டு. பாடியவர் மெட்ராஸில் பிறந்தவர். இயற்பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டார்சி. 1936இல், பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பத்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டது. ஜெர்ரி டார்சி என்ற பெயரில் வருடக்கணக்கில் பாடிப் பார்த்தார், வேலைக்காகவில்லை. நடுவில் காசநோய் வேறு. 1965இல் மேனேஜர் கார்டன் மில்ஸ், 'ஹான்சல் அண்ட் கிரேட்டல்' என்ற இசை நாடகத்தை எழுதிய ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரை அப்படியே தூக்கி இவருக்கு வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்குமா? அப்புறம் லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிற்றுக்கிழமை டிவி நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, இவரைக் கூப்பிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து கடைகளில் தட்டு பறக்க ஆரம்பித்தது. 'ரிலீஸ் மீ' பட்டியலில் தொடர்ந்து 56 வாரம் இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல்! அதே வருடம் செப்டம்பரில் 'த லாஸ்ட் வால்ட்ஸ்' இன்னொரு 5 வாரம் முதலிடம்.

1967ஐ ஹிப்பிகளின் 'காதலின் கோடை' என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். தலையில் பூ, கழுத்தில் மணி, சிதார் சத்தம் எல்லாம் நிஜம்தான். ஆனால் ரிக்கார்டு கடைக்குப் போய்க் காசு கொடுத்தவர்களில் நிறையப் பேர் பூ வைத்த பையன்களின் அம்மாக்களும் சித்திகளும். இதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்தின் ஹிட் பட்டியல் ஒரு நல்ல கல்யாணப் பந்தி மாதிரி தெரியும். பாயசத்துக்குப் பக்கத்திலேயே ஊறுகாய்.

இந்தப் பந்தியைப் பரிமாறியது வானொலி. 1964இலிருந்து ரேடியோ கரோலின் போன்ற நிலையங்கள் கடலில் கப்பலை நிறுத்தி, அங்கிருந்து இங்கிலாந்துக்கு நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. 1967 ஆகஸ்டில் அரசாங்கம் சட்டம் போட்டு அவர்களை ஒடுக்கியது. ஒடுக்கிய கையோடு, செப்டம்பர் 30ஆம் தேதி பிபிசி தன்னுடைய பாப் நிலையமான ரேடியோ 1ஐத் தொடங்கியது. முதல் நிகழ்ச்சிக்கு அமர்த்தப்பட்டவர் டோனி பிளாக்பர்ன், அதே கப்பல்களில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டு சமையல்காரரை மட்டும் வீட்டோடு கூட்டிக்கொண்டு வந்த கதை.

அவர் முழுதாக ஒலிக்கவிட்ட முதல் தட்டு, த மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் த ரெயின்'. கேட்க மழைத்தூறல் மாதிரி இதமான பாட்டு. பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. ஆனால் குழுவின் மேனேஜருக்கு சும்மா இருக்க முடியவில்லை. விளம்பரத்துக்காக, பிரதமர் ஹரால்ட் வில்சனை ஏடாகூடமான கோலத்தில் வரைந்த கேலிச்சித்திரத்தைத் தபால் அட்டையாக அச்சடித்து அனுப்பினார். குழுவைக் கேட்கக்கூட இல்லை. வில்சன் வழக்குப் போட்டு ஜெயித்தார். தீர்ப்பின்படி அந்தப் பாட்டுக்கு வரும் ராயல்டி எல்லாம் அவர் கைகாட்டும் அறக்கொடைகளுக்குப் போக வேண்டும். எவ்வளவு நாளைக்கு? என்றைக்கும்தான். எழுதிய ராய் வுட்டுக்கு அந்தப் பாட்டிலிருந்து சல்லிக்காசு கிடைக்கவில்லை. ரேடியோ 1இன் பிறந்தநாள் வரும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போடுவார்கள், காசு தர்மத்துக்குப் போகும். புண்ணியம் யார் கணக்கில் சேரும் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

காசு விவகாரம் என்றதும் புரோகால் ஹாரமின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' ஞாபகம் வருகிறது. 1967 மே மாதம் வந்து, ஜூனிலிருந்து 6 வாரம் இங்கிலாந்தில் முதலிடம். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். மாவு மில்காரர் ஒருவர் கதை சொல்கிறார், யாருடைய முகமோ வெளிறுகிறது, 16 கன்னிகள் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். எழுதிய கீத் ரீடுக்குப் புரிந்திருந்தால் சரி. ஆனால் அந்த ஆர்கன் ஆரம்பிக்கும்போது, ஜெர்மன் இசை மேதை பாக்கின் இசையைத் தேவாலயத்தில் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி ஒரு நடுக்கம் வரும். அதை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். அந்த ஆர்கன் மெட்டு என்னுடையது, பாட்டில் எனக்கும் பங்கு வேண்டும் என்று அவர் 38 வருடம் கழித்து, 2005இல் கிளம்பினார். ஒரு நீதிமன்றம் உண்டு என்றது, அடுத்தது காசு மட்டும் கிடையாது என்றது. கடைசியில் 2009இல் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 2005இலிருந்து பாட்டின் இசைக்கு வரும் வருமானத்தில் 40 சதவீதம் அவருக்கே என்று முடித்துவைத்தது. நீதிபதிகள் எல்லாரும் அந்தப் பாட்டை உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

அமெரிக்கப் பக்கம் போவோம். அங்கே அந்தக் கோடையில் பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' ஒரே ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு 4 வாரம் உட்கார்ந்தது ஒரு பெண்ணும் ஒரு கிட்டாரும், பின்னணியில் கொஞ்சம் வயலினும். பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ'. உலகத்துக்கே அன்பு தேவை என்று சொன்ன பாட்டைச் சாப்பாட்டு மேஜைப் பேச்சு ஒன்று இறக்கிவிட்டது. சிரிக்கச் சிரிக்க எழுதும் கட்டுரையில் இந்தச் சோகப் பாட்டை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தக் காலகட்டத்தில் எனக்கு ஆகப் பிடித்த பாட்டை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

ஜூன் 3ஆம் தேதி, மிசிசிப்பி வெயில். கதை சொல்லும் பெண்ணும் அண்ணனும் வயல் வேலை முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். வாசலிலேயே அம்மா, காலைத் துடைத்துவிட்டு வா என்கிறாள். அடுத்த மூச்சில், பில்லி ஜோ என்கிற பையன் டலஹாட்சி பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்று செய்தி சொல்கிறாள். அப்பா தட்டில் பயறை எடுத்துக்கொண்டே, அவனுக்கு எப்பவும் புத்தி கிடையாது, அந்த பிஸ்கட்டை இப்படித் தள்ளு என்கிறார். அண்ணன் இன்னொரு துண்டு ஆப்பிள் பலகாரம் கேட்கிறான், பையன் சின்ன வயதில் செய்த குறும்பு ஒன்றைச் சொல்கிறான். அம்மா திரும்பிப் பார்த்து, உனக்கு என்ன ஆச்சு, ஒரு வாய்கூட வைக்கவில்லையே, காலையெல்லாம் அடுப்படியில் நின்று சமைத்தேனே என்கிறாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, போதகர் வந்திருந்தார், பில்லி ஜோவும் உன்னை மாதிரியே ஒரு பெண்ணும் பாலத்திலிருந்து எதையோ தண்ணீரில் போட்டதைப் பார்த்தாராம் என்கிறாள். அவ்வளவுதான். பெண் பதில் பேசுவதே இல்லை. ஒரு வருடம் கழித்து அண்ணன் கல்யாணமாகிப் போய்விட்டான், அப்பா காய்ச்சலில் போய்விட்டார், அம்மாவுக்கு எதிலும் பிடிப்பில்லை. அவள் மட்டும் பூப் பறித்துக்கொண்டு போய் அந்தப் பாலத்திலிருந்து கீழே போடுகிறாள்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மேஜை தெரியும். இழவுச் செய்தியும் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பதும் ஒரே மூச்சில் வரும் வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அமெரிக்கா முழுக்க அப்போது ஒரே கேள்வி: பாலத்திலிருந்து எதைப் போட்டார்கள்? மோதிரமா, பூவா, வேறு ஏதாவதா? ஜென்ட்ரி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஒரு சாவைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு சாவகாசமாகப் பேசுகிறார்கள் என்பதுதான் பாட்டு என்றார். 1976இல் இதைப் படமாக எடுத்தபோது, அந்தப் பையன் ஏன் குதித்தான் என்று திரைக்கதை எழுதியவர் அவரிடமே கேட்டார். தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார். பாலம் 1972இல் இடிந்து விழுந்தது. 1980களின் ஆரம்பத்தில் ஜென்ட்ரியும் மேடையையும் பேட்டிகளையும் விட்டுவிட்டுக் காணாமல் போனார்.

சரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு சினிமாக் கொட்டகைப் பக்கம், மன்னிக்கவும், டிவி பக்கம் போகலாம்.

1966 செப்டம்பரில் அமெரிக்க டிவியில் 'த மங்கீஸ்' தொடங்கியது. பீட்டில்ஸ் மாதிரி நான்கு பையன்கள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, 400க்கும் மேற்பட்டவர்களிலிருந்து ஆள் எடுத்து உருவாக்கிய குழு. நீல் டயமண்ட் எழுதிக்கொடுத்த 'ஐம் எ பிலீவர்' 7 வாரம் நம்பர் ஒன். முதல் தட்டுகளில் பையன்களின் வேலை பாடுவது மட்டும்தான். வாத்தியமெல்லாம் ஸ்டுடியோ கலைஞர்கள் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பாட்டு, எப்போது என்பதெல்லாம் டான் கிர்ஷ்னர் என்ற இசைப் பொறுப்பாளர் கையில். நால்வரில் ஒருவரான மைக்கேல் நெஸ்மித்துக்கு இது பொறுக்கவில்லை. ஹோட்டல் அறையில் நடந்த வாக்குவாதத்தில் சுவரில் ஓங்கிக் குத்தி ஓட்டையே போட்டுவிட்டார். 1967 தொடக்கத்தில் கிர்ஷ்னரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கோடையில் மங்கீஸ் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பியபோது, தங்களுக்கு முன்னால் வாசிக்க அவர்கள் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனது யாரைத் தெரியுமா? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவை! பால்மணம் மாறாத பெண் குழந்தைகள் அம்மாவோடு வந்து, "டேவி எங்கே, டேவி எங்கே" என்று மங்கீஸ் பையன் டேவி ஜோன்ஸைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்க, மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு நிகழ்ச்சிதான் தாங்கியது, நட்பாகப் பிரிந்துவிட்டார்கள். அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் என்ற கட்டுப்பெட்டி மாதர் சங்கம் ஹெண்ட்ரிக்ஸை எதிர்த்து ஆட்சேபம் தெரிவித்ததாக ஒரு செய்தி பரவியது. அது ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணி வேடிக்கைக்குக் கட்டிவிட்ட கதை. நிறைய பேர் நம்பினார்கள்.

வேலை போன கிர்ஷ்னர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். பாடகர்கள் இருந்தால்தானே எதிர்த்துப் பேசுவார்கள்? அடுத்த குழுவுக்கு மனிதர்களே வேண்டாம் என்று கார்ட்டூன் பக்கம் போனார். நம்மில் பலர் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த அதே ஆர்ச்சி காமிக்ஸ்தான். ஆர்ச்சி கிட்டார், ஜக்ஹெட் டிரம்ஸ், வெரோனிகா ஆர்கன். 1968இல் சனிக்கிழமைக் காலை கார்ட்டூனாக வந்தது. 1969இல் 'சுகர், சுகர்' வந்தது. ஜெஃப் பாரியும் ஆண்டி கிம்மும் எழுதியது. ஆர்ச்சிக்குக் குரல் கொடுத்தவர் ரான் டான்டே. கார்ட்டூன் குழுவின் பாட்டு என்றால் வானொலிக்காரர்கள் போட மாட்டார்கள் என்று, தட்டின் லேபிளைக் கிழித்துவிட்டு, யாரென்று சொல்லாமல் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்ததாக ஒரு கதை உண்டு. ஆர்ச்சீஸ் பாட்டுகளைக் காலை உணவு டப்பாவின் அட்டையிலேயே அச்சடித்தும் விற்றார்கள். குழந்தைகள் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து ரிக்கார்டு பிளேயரில் வைத்துக் கேட்கலாம்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக். செப்டம்பர் 26 பீட்டில்ஸின் 'அபி ரோடு'. அந்த வாரங்களில் அமெரிக்காவின் நம்பர் ஒன் சிங்கிள் 'சுகர், சுகர்', 4 வாரம். இங்கிலாந்தில் 8 வாரம். பில்போர்டு பத்திரிகையின் 1969 வருடாந்திரப் பட்டியலில் முதல் பாட்டும் அதுதான். உலகத்தில் இல்லாத ஒரு குழு, ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒரு பாட்டு! அதே சமயத்தில் ரான் டான்டே 'கஃப் லிங்க்ஸ்' என்ற இன்னொரு இல்லாத குழுவின் பெயரில் பாடிய 'டிரேசி'யும் முதல் பத்துக்குள் நுழைந்தது. மனிதர் தனக்குத் தானே போட்டியாளர். தெருவில் யாருக்கும் அவர் முகம் தெரியாது.

இதைக் கேலி செய்ய நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். 1970இல் வில்சன் பிக்கெட் பாடிய 'சுகர், சுகர்' கேளுங்கள். அதே மெட்டு, அதே வரி. ஆனால் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைப் பாடுகிறவரின் தொண்டையில் அது வேறு சரக்காகிவிடுகிறது. கட்டுமானம் சரியாக இருந்ததால்தானே அந்த பாரத்தைத் தாங்குகிறது? பபிள்கம் பாப் என்று முகம் சுளிக்கிறோமே, அதை எழுதியவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

இல்லாத குழு என்றதும் 'ஸ்டீம்' குழுவையும் சொல்லிவிடுகிறேன். 1969 டிசம்பரில் 'நா நா ஹே ஹே கிஸ் ஹிம் குட்பை' அமெரிக்காவில் முதலிடம். தட்டின் முக்கியப் பக்கமான ஏ பக்கத்துப் பாட்டுக்குப் பின்னால் ஒப்புக்கு ஒன்று வேண்டுமே என்று பதிவு செய்தது. வானொலியில் பாட்டுப் போடும் டிஜேக்கள் தப்பித்தவறிக்கூட இந்தப் பக்கத்தைப் போட்டுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே நீட்டினார்கள். நீட்டியதற்கு வரி இல்லாததால் "நா நா" என்று போட்டு நிரப்பினார்கள். டிஜேக்கள் அந்தப் பக்கத்தைத்தான் போட்டார்கள். இன்றும் அமெரிக்க மைதானங்களில் தோற்ற அணியை வழியனுப்ப ஆயிரக்கணக்கானவர்கள் அதைத்தான் பாடுகிறார்கள்.

நீட்டுவதைப் பற்றிப் பேசினால் 1968க்குப் போக வேண்டும். அதுவரை சிங்கிள் என்றால் மூன்று நிமிடம் என்று எழுதப்படாத சட்டம். அந்த வருடம் ஐரிஷ் நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் 'மெக்ஆர்தர் பார்க்' என்று 7 நிமிடம் 21 விநாடிக்கு ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். எழுதியவர் ஜிம்மி வெப், அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயது. லாஸ் ஏஞ்சலஸில் நிஜமாகவே இருக்கும் ஒரு பூங்கா. காதலியோடு உட்கார்ந்து பேசிய இடம். காதல் முறிந்தது. அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உவமை: யாரோ கேக்கை மழையில் விட்டுவிட்டார்கள், மேலே பூசிய கிரீம் எல்லாம் கரைந்து ஓடுகிறது, அந்தச் செய்முறை இனி கிடைக்காது. ஹாரிஸ் இதைப் பட்டத்தை இழந்த அரசன் மாதிரி நெஞ்சு விம்மப் பாடுகிறார். பூங்காவின் பெயரைக்கூடக் கடைசிவரை "மெக்ஆர்தர்ஸ்" என்று தப்பாகவே பாடினார், திருத்திப் பார்த்தும் பலனில்லை. அமெரிக்காவில் 2ஆம் இடம், இங்கிலாந்தில் 4ஆம் இடம். உலகத்தின் மோசமான பாட்டு என்று வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் இதை விடுவதே இல்லை. என் கட்சி வேறு. காதலியின் முகத்தை நிலா என்பது எல்லாராலும் முடியும். நனைந்த கேக் என்று சொல்லிவிட்டு அதற்கு முழு ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டி வருவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அதே வருடம் ஆகஸ்டில் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்', 7 நிமிடம் 11 விநாடி. அதில் பாதிக்கு மேல் "நா நா நா". இவ்வளவு நீளத்தை வானொலியில் போட மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயங்கினார். அமெரிக்காவில் 9 வாரம் முதலிடம்.

இங்கிலாந்தில் அதை இறக்கிய பாட்டு பீட்டில்ஸின் சொந்த ரிக்கார்டு கம்பெனியான ஆப்பிளிலிருந்தே வந்தது: மேரி ஹாப்கினின் 'தோஸ் வேர் த டேஸ்'. வேல்ஸ் நாட்டுப் பெண், டிவி திறமைப் போட்டியில் ஜெயித்தவர். மாடல் ட்விக்கி பார்த்துவிட்டு பால் மெக்கார்ட்னியிடம் சொல்ல, அவரே தயாரித்தார். மெட்டு போரிஸ் ஃபோமின் என்ற ரஷ்யருடையது. அவர் 1948இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆங்கில வரி ஜீன் ராஸ்கின் எழுதியது. பாட்டின் விஷயம், இளமையில் நண்பர்களோடு கூத்தடித்த மதுக்கடையை வயதான காலத்தில் நினைத்து ஏங்குவது. பாடிய மேரிக்கு வயது 18! மழலை மாறாத குரலில் "அதெல்லாம் ஒரு காலம் நண்பா" என்று பெருமூச்சு விடுகிறாள். பெரம்பூர் ஆன்ட்டி வீட்டு விருந்துகளில் இந்தப் பாட்டு வந்தால் அறுபது வயது அங்கிள்கள் எல்லாம் கையைக் கோத்துக்கொண்டு ஆடுவார்கள். ஜிம் ரீவ்ஸுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் தேய்ந்த தட்டு இதுதான். ஜிம் ரீவ்ஸே ஒரு வேடிக்கை. 1964இல் விமான விபத்தில் இறந்தவர், 1966இல் 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பாட்டோடு இங்கிலாந்தில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தார்.

வயதானவர்கள் கணக்கில் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் சேர்க்க வேண்டும். 'வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்' இன்று கல்யாண வீடியோவிலிருந்து காப்பீட்டு விளம்பரம் வரை எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. 1967இல் லாஸ் வேகாஸில், மேடை நிகழ்ச்சி முடிந்து நடுநிசிக்கு மேல் அதைப் பதிவு செய்தார்கள். நடுவில் ரயில் ஊதல் கேட்டு இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ரிக்கார்டு கம்பெனியின் தலைவருக்கு இந்த மெதுவான பாட்டு பிடிக்கவே இல்லை. அவர் போட்ட கூச்சலில் அவரையே ஸ்டுடியோவுக்கு வெளியே வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அவர் விளம்பரம் செய்யாமல் பழி தீர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் முதலில் ஆயிரம் பிரதிகூட விற்கவில்லை. இங்கிலாந்திலோ 1968இல் 4 வாரம் நம்பர் ஒன், 66 வயதில். அமெரிக்கர்களுக்கு அந்தப் பாட்டு கண்ணில் பட 20 வருடம் பிடித்தது, அதுவும் 'குட் மார்னிங், வியட்நாம்' என்ற சினிமா வழியாக.

ஐரோப்பிய நாடுகள் கலந்துகொள்ளும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிகளை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறேன், பொறுமை உங்களுக்கும் வேண்டுமே. 1968இல் லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட் 'கங்கிராஜுலேஷன்ஸ்' பாடி ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். ஜெயித்த ஸ்பெயின் பாட்டின் பெயர் 'லா, லா, லா'. பல்லவியும் ஏறக்குறைய அதுவேதான். அடுத்த வருடம் நான்கு நாடுகள் சமமாக வந்து நான்குக்கும் பரிசு கொடுத்தார்கள்.

கடைசியாக, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. 'சிறந்த நூறு' பட்டியல்களைத் தொடாதீர்கள். அவை பின்னாளில் வடிகட்டியவை. 1969 ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்த ஐந்து பாட்டுகளை அதே வரிசையில் கேளுங்கள்.

முதலில் ஸேகர் அண்ட் எவன்ஸின் 'இன் த இயர் 2525', 3 வாரம். மனித குலம் எப்படி அழியும் என்று வருடவாரியாகச் சொல்லும் நெப்ராஸ்காக்காரர்கள். 2525, 3535, 4545 என்று வாய்ப்பாடு மாதிரி போய், 6565க்குப் பிறகு கணக்கு உதைத்து 7510க்குத் தாவும். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்த அன்று அமெரிக்காவில் இதுதான் நம்பர் ஒன். 9595 வரை கவலைப்பட்ட அந்த இருவருக்கும் அடுத்த ஹிட் கிடைக்கவே இல்லை. பிறகு கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் 'பேட் மூன் ரைசிங்', 3 வாரம். உலகம் அழியப்போகிறது என்பதுதான் இதிலும் செய்தி, ஆனால் ஆடிக்கொண்டே அழியலாம். மூன்றாவது, செர்ஜ் கேன்ஸ்பூர், ஜேன் பர்கின் ஜோடியின் பிரெஞ்சுப் பாட்டு 'ஜெ தெம்'. பாதி முனகல். பிபிசி தடை செய்தது, வெளியிட்ட கம்பெனியே பயந்து 2ஆம் இடத்தில் இருந்தபோது கைவிட்டது, வேறொரு கம்பெனி வாங்கி நம்பர் ஒன் ஆக்கியது. நான்காவது, நம் பாபி ஜென்ட்ரியின் 'ஐல் நெவர் ஃபால் இன் லவ் அகெய்ன்', இனி காதலே வேண்டாம் என்று. ஐந்தாவது, 8 வாரத்துக்கு 'சுகர், சுகர்'.

மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மூன்றாவது பாட்டுக்கு மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.